எதிர் வீட்டுக் கதவு

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். வெந்நீரிலும் ஆவியிலும் வெந்து கை காய்ந்துபோயிருக்கும். மனசும் ஆறு வருடமாக அப்படித்தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதா கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிய புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த மாடியில் கார் வைத்திருந்தவர் எதிர் வீட்டு டிரைவிங் மாஸ்டர் ஒருவர்தான். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. கதவு திறக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்குவதற்குள், படிக்கட்டிலேயே உயிர் போய்விட்டது.

அதற்குப்பின் அவர் முகத்தில் அவள் விழித்ததில்லை. ஜெபத்தில் மன்னிப்பு என்ற வார்த்தை வந்தால் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுவாள்.

போன வருடம் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். கவனித்துக்கொள்ள வந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்க் கதவு பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து முனகல். நாற்றம்.

அப்படியே நின்றாள். இந்த நிலைமை இவருக்குத் தேவைதான் என்று ஒரு மனசு சொன்னது. "ஆண்டவரே, என்கிட்ட அன்பெல்லாம் இல்லை. இந்த நாலு எட்டு வைக்கத் தெம்பு குடு" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் துடைத்து, விரிப்பு மாற்றி, பாலில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினாள். விஷயம் தெரிந்த, கட்டிக்கொடுத்த மகள் போனிலேயே வெடித்தாள்.

"உனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லையாம்மா? அப்பாவைச் சாக விட்ட ஆளு!"

"இருக்குடி. அதையும் வச்சிக்கிட்டுத்தான் போறேன்."

மகள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாலை ஊட்டிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் குழறலாகப் பேசினார். "அன்னிக்கு... நீ தட்டினது... கேட்டுச்சு."

"தெரியும்."

"கார்ல போறப்பவே செத்துட்டா... போலீசு, கேசுன்னு... பயம்..."

கிண்ணத்தை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். பயம்! புருஷனின் உயிர் போனதற்கு அவ்வளவுதான் காரணம். இப்படியே வீட்டைப் பார்த்துப் போய்விடலாமா என்று தோன்றியது. "என்னால முடியலை சாமி" என்றாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஆறிப்போச்சு மாஸ்டர். வாயைத் திறங்க."

அவர் திறந்தார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. அதையும் விரிப்பு நுனியால் துடைத்தாள்.

நான்கு மாதம் கழித்து, அவள் வேலையில் இருந்தபோது அவர் இறந்தார். அடக்கத்துக்கு வந்த மகன் பெட்டி படுக்கைகளைக் கட்டிவிட்டு அவளிடம் வந்தான்.

"அப்பாவுக்கு நீங்க ரொம்ப வேண்டியவங்க போல. என்ன உறவுங்க?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எதிர் வீடு, தம்பி" என்றாள். மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. படியிறங்கிப் போனாள்.