திட்டுவதற்கு ஆள் தேவை

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு விளையாட்டு அரங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள்.

கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது. ‘அந்த அம்மா வெளியே போகவும்’ என்று மைக்கில் சொன்னார்கள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, அவசரப்படாமல், வந்த வழியே நடந்தேன்.

செய்த குற்றம்? நம் வீட்டுப் பெண் போல இருக்கிற ஒருத்தியை, அவள் பைனல் ஆடிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் காதில் விழத் திட்டியது.

கோபப்படாதீர்கள்... முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

மதுரை கோச்சடையில் என் இளநீர்க் கடை இருப்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் ஒரு ஷட்டில் கூடம். தகரக் கூரை, நாலு கோர்ட். அங்கே ஆட வருகிற பிள்ளைகளுக்குப் பல வருஷமாக இளநீர் வெட்டிக் கொடுக்கிறேன். பாட்டி என்று கூப்பிட்டால் இளநீர் கிடையாது. அதனால் எல்லோருக்கும் நான் அத்தை.

அங்கே ஆடுகிறவள்தான் ஸ்டெல்லா. காலேஜ் முதல் வருஷம். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க் — பஸ்ஸில் டிக்கெட் கேட்டால்கூடக் கண்டக்டர் குனிந்து கேட்க வேண்டும், அப்படி ஒரு மெல்லிய குரல். பெண்ணும் அதே ரகம். ஆனால் மட்டையை எடுத்துவிட்டால் புலி.

எதுவரை? பதினெட்டு வரை.

இருபத்தொரு பாயிண்ட் எடுத்தால்தான் ஒரு கேம். பதினெட்டு வந்ததும் இவளுக்குக் கை விறைத்துவிடும். கூட்டத்தில் ஒருத்தன் விசில் அடித்தால் போதும், சர்வீஸ் நேராக நெட்டில் போய் விழும். போன வருஷம் மாவட்டப் பைனல் அப்படித்தான் போனது. இந்த வருஷம் அந்த வயதுப் பிரிவில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால்? ‘இதோட போதும் பாப்பா, படிப்பப் பாரு’ என்று அப்பா சொல்லிவிட்டார்.

கோச் முருகேசனை நான் மாஸ்டர் என்பேன். அவர் ஒரு நாள் சொன்னார்: “கையில குறையே இல்லக்கா. மனசுலதான். இனிமே மனசுக்குத்தான் பயிற்சி.”

மனசுக்கு என்ன பயிற்சி? தண்டால் எடுக்க வைப்பாரா?

முதலில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். “மனசுக்குள்ளயே மேட்ச் ஆடு. காக்கு வாரது தெரியணும், அடிக்கிற சத்தம் கேக்கணும்.” காக்கு என்றால் அவர்கள் அடிக்கிற இறகுப்பந்து. சும்மா இருப்பானேன் என்று நானும் கடையில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது, காலையில் ஊறப்போட்டு அரைக்க மறந்த உளுந்து.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “உனக்கு என்னடி தெரிஞ்சுச்சு?”

“எல்லாப் பாயிண்ட்டும் சூப்பரா ஆடுனேன் அத்தை. பதினெட்டு வந்துச்சா...”

“வந்துச்சு?”

“மனசுக்குள்ளயும் நெட்டுலதான் அடிச்சேன்.”

அடுத்து ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நடுவில் மட்டை நரம்பை விரலால் ஒரு தடவு, மூச்சை நன்றாக இழுத்து விட வேண்டும், பிறகுதான் சர்வீஸ். நல்ல பழக்கம்தான். யாராவது கத்தினால் மட்டும் தடவவும் மறந்தாள், மூச்சும் மறந்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் மாஸ்டர் கடைக்கு வந்து, இளநீர்கூடக் கேட்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“யக்கா, ஒரு ஒத்தாச.”

“சொல்லுங்க மாஸ்டர்.”

“ஸ்டெல்லா ஆடும்போது நீங்க உக்காந்து திட்டணும்.”

“ஏன், அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?”

“தப்பே பண்ணாட்டியும் திட்டணும்க்கா. சத்தத்துல ஆடிப் பழகணும்ல? பசங்களத் திட்டச் சொன்னேன். ‘ஊ... ஊ’ங்கிறானுக, ஆந்த மாதிரி. அன்னைக்குக் காளவாசல்ல நிப்பாட்டாமப் போன பஸ் டிரைவர, சிக்னல்ல வச்சு நீங்க கேட்டீங்கள்ல... நான் பின்னாடிதான் வண்டியில நின்னேன். அந்த வாய்தான் வேணும்.”

அறுபத்தாறு வருஷமாக இந்த வாயை மூடச் சொல்லாத ஆள் கிடையாது. அப்பா சொன்னார், மாமியார் சொன்னார், வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தார். முதன்முதலாக ஒருவர் வந்து, திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். விடுவேனா?

பக்கத்துக் கடைக் கீரைக்காரி பாண்டியம்மாளையும் கூட்டிக்கொண்டேன். கோர்ட் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் சேர். ஆரம்பித்தோம்.

“மட்டையப் புடிச்சிருக்கிற லட்சணத்தப் பாரு... கொசு பேட்டக் குடுத்தாக்கூட இவ கையில ஒரு கொசு சாகாது!”

“கொசுவா? அது இவ தோள்ல உக்காந்துல்ல வேடிக்க பாக்கும்!” — இது பாண்டியம்மாள்.

“அடியே, காக்கு அங்க வருது, நீ எங்க ஓடுற? தல்லாகுளத்துக்கா?”

முதல் நாள் ஸ்டெல்லா அழுதுவிட்டாள். அதைப் பார்த்துப் பாண்டியம்மாளும் அழுதுவிட்டாள். “பச்சப் புள்ளயப் போட்டு இப்படிப் பேசுறமே” என்று ஓடிப்போய் இரண்டு கட்டு முருங்கைக்கீரை கொண்டு வந்து அவள் பையில் வைத்தாள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். “சமாதானம் பண்றதுக்கா உங்களக் கூப்புட்டேன்?”

நாலாம் நாள் அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. பத்தாம் நாள், நாங்கள் தொண்டை வலிக்கக் கத்திக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்கு நரம்பைத் தடவினாள், மூச்சு விட்டாள், சர்வீஸ் போட்டாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது... முடிந்தது கேம். அதோடு விட்டாளா?

“அத்தை, இது செவ்வாக்கெழமயே சொன்னது. புதுசா எதாச்சும் சொல்லுங்க.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இளநீர் சீவும்போதெல்லாம் வசவு யோசிப்பதே வேலையாகப் போனது. ஒரு ஆளுக்கு நாலு காயைத் தப்பாகச் சீவினேன் என்றால் பாருங்களேன்.

வந்தது பைனல். எதிரே மேலூர்ப் பக்கத்துப் பெண். முதல் கேம் ஸ்டெல்லாவுக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதுதான் எல்லாமே.

எங்கள் கணக்கு தப்பியது இங்கேதான்.

போன வருஷம் நடந்த விசில் கலாட்டாவை மனதில் வைத்து, கத்தக் கூடாது, விசில் கூடாது, பாயிண்ட் முடிந்ததும் கைதட்டினால் போதும் என்று நடுவர் முதலிலேயே மைக்கில் சொல்லிவிட்டார். கூட்டமும் அப்படியே கேட்டுக்கொண்டது. மதுரைக் கூட்டம்! மாதா கோயிலில் பூசை நடக்கிற மாதிரி ஒரு அமைதி. இத்தனை நாள் எங்கள் இரைச்சலில் ஆடிய பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

பதினொரு பாயிண்ட்டில் சின்ன இடைவேளை. மாஸ்டருக்குப் பின்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“சார், ரொம்ப அமைதியா இருக்கு சார். என் மண்டைக்குள்ள பேசுறது மட்டுந்தான் கேக்குது. ‘தோத்துருவ, தோத்துருவ’ன்னு.”

எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும்; இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர்கள்தான் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் நம்பர் மட்டும் சட்டென்று பிடிபடும். போர்டைப் பார்த்தேன்... ஸ்டெல்லா பதினாறு, மேலூர்ப் பெண் பதினேழு. ஸ்டெல்லா நரம்பைத் தடவவில்லை. மூச்சு விடவில்லை. சர்வீஸ் போட்டாள் — நெட்டில். பதினாறுக்குப் பதினெட்டு.

அவளுக்கு உதவ வேண்டும் என்று யோசித்துத்தான் கத்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அவளை மட்டுமா பழக்கினார் மாஸ்டர்? எங்களையும்தானே பழக்கி வைத்திருந்தார்? நெட்டில் விழுந்ததைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அடியே ஸ்டெல்லா! அது நெட்டுடி, துணி காயப்போடுற கொடியில்ல! எம்புட்டத்தான் அதுல தொங்கவிடுவ?”

அடுத்த நொடி, அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். “யாருய்யா அது?” “ஆடுற புள்ளயப் பேசுது பாரு!” எல்லோருக்கும் முன்னால் எழுந்து வந்தவர் யார் தெரியுமா? ஸ்டெல்லாவின் அப்பா. எங்கள் பயிற்சி அவருக்குத் தெரியாது. மாஸ்டர் சொல்லவே இல்லை. எந்த அப்பாவிடம் போய், உங்கள் பெண்ணைத் திட்ட ஆள் வைத்திருக்கிறேன் என்று சொல்வார்?

“எம் பொண்ணப் பேச நீங்க யாரு? வெளிய போங்க! இப்பவே போங்க!”

அந்த மெல்லிய குரல் கடைசி வரிசை வரை போனது. அதற்குப் பிறகுதான் மைக் அறிவிப்பு.

என்னைக் கை நீட்டிப் பேசியவர்கள் சும்மா போனதில்லை. வாயைத் திறந்தேன். விளக்கம் சொல்லியிருக்கலாம். அதற்குள் கோர்ட்டைப் பார்த்தேன். ஸ்டெல்லா மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்க... சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய மனப்பயிற்சி அதுதான்.

வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே கைதட்டல் கேட்கிறது. யாருக்கு? தெரியவில்லை. மறுபடியும் கைதட்டல். சாமி, யாருக்கு? பாண்டியம்மாள் என்னோடு வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், துரோகி. கடைசியில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தவளும் அவள்தான்.

“யக்கா! இருவத்தொண்ணுக்குப் பத்தொம்போது! நம்ம புள்ளக்கா!”

பின்னாலேயே ஸ்டெல்லாவின் அப்பா. மாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போல. குரல் மறுபடி உள்ளே போய்விட்டது. “எனக்குத் தெரியாதுங்கம்மா... மன்னிச்சுக்கங்க.”

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார். நல்லாத்தான கத்துறீங்க? மாநிலப் போட்டி வரைக்கும் சாயங்காலம் வந்து எங்க கூட உக்காருங்க. எங்களுக்கும் சரக்குத் தீந்துபோச்சு.”

மனிதர் சிரித்தார். வருவதாகத் தலையாட்டியிருக்கிறார்.

எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். வெளியே நின்று திட்டுகிறவளுக்கு ஒரு நேரம் வாய் வலிக்கும்; நிறுத்திவிடுவாள். மண்டைக்குள் உட்கார்ந்து திட்டுகிறவளுக்கு வாயே வலிப்பதில்லை. அவளை என்ன செய்வது?

அதற்குப் பதில் ஸ்டெல்லாவே வைத்திருந்தாள். கழுத்தில் மெடலோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க போனதும் திரும்ப அமைதியாயிருச்சு அத்தை. உள்ள மறுபடி ஆரம்பிச்சுச்சு, ‘தோத்துருவ’ன்னு. விடல. நானே அதத் திட்டுனேன்.”

“என்னன்னுடி திட்டுன?”

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காதில் சொன்னாள்.

அதை இங்கே எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன் — நானும் பாண்டியம்மாளும் இத்தனை நாள் பாடியதெல்லாம் தாலாட்டு!