விரும்பிக் கேட்டவர்

"நனைந்த நிலாவை யார் துவட்டுவார்" என்ற ஒரு வரிதான் எனக்கு ஞாபகம் இருந்தது. மகள் அதைக் கைத்தொலைபேசியில் தேடிப் பாட்டைப் பிடித்துவிட்டாள். முதல் வயலின் கேட்டதும் நான் சின்ன வயதில் இருந்த வெள்ளவத்தை வீட்டுக் குசினிக்கு, அம்மா சமைக்கும் இடத்துக்கு, போய்விட்டேன்.

அது சண்டைக் காலம். மாமா, அம்மாவின் ஒரே தம்பி, இந்தப் பாட்டைப் போடச் சொல்லி வானொலிக்குத் தபாலட்டை போட்டிருந்தார். அடுத்த கிழமை மருதானையில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தவர்கள் அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள். அம்மா ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள்.

பிறகு ஒரு பின்னேரம் ரேடியோ சொன்னது: "விரும்பிக் கேட்டவர், வெள்ளவத்தை தயாளன்."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா துள்ளி எழுந்தார். "பிள்ளை, தம்பி எங்கையோ இருக்கிறான். பேர் சொல்லுகினம், கேட்டனியே?"

தபாலட்டை எப்போது போட்டது என்று அப்பாவுக்குத் தெரியும். தமிழ்ப் பாட்டென்றால் வெளியே கேட்டுவிடும் என்று பயந்து சத்தத்தைக் குறைக்கும் அவர், அன்றைக்குக் கூட்டிவைத்தார்.

"இதுதானே, அம்மா?" என்றாள் மகள்.

"ஓம். முதலிலையிருந்து போடு."

போட்டாள். பாட்டு வயலினோடுதான் தொடங்கியது. அதற்கு முன்னால் யாரும் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை.