தொட்டிலில் கிடந்த மைக் செட்டு

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் பழைய பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். பின்பக்கம் பலகையடித்துக் கூரை போட்டார். அதுதான் எங்கள் வீடு. கல்யாணம், கோவில் கொடை, மாதா திருவிழா என்று ஊர் ஊராக மைக் செட்டோடு அதிலேயே அலைந்தோம்.

ரோட்டுக் குலுக்கலில் செட்டுக்குள் இருந்த கண்ணாடி வால்வுகள் செத்துக்கொண்டே இருந்தன. மனுஷர் யோசித்து யோசித்து, பேட்டரியைப் பெட்டியில் இறக்கிச் சுற்றிலும் தேங்காய் நாரைத் திணித்தார். என் நூல் சேலையை மேல்கம்பியில் தொட்டிலாகக் கட்டிச் செட்டை அதில் படுக்கவைத்தார். அதன்பிறகு ஒரு வால்வும் போகவில்லை. மூளைக்காரர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் தொட்டில் சுவரில் மோதாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு நார் மெத்தை, செட்டுக்குத் தொட்டில், எட்டு மாத வயிற்றோடு எனக்கு வெறும் பலகை.

"பிள்ளை பொறக்கதுக்கு முன்னால தொட்டில ஆட்டப்பிடாதும்பாவ" என்றேன்.

"வெறுந்தொட்டிலத்தாம்ளா ஆட்டப்பிடாது. இதுலதான் செட்டு கெடக்குல்லா" என்றார்.

ஏரல் ரோட்டில் ஒருமுறை பின்கதவுக் கொண்டி அதிர்ந்து கழன்று, கதவு திறந்து, மாற்று வால்வுகள் இருந்த டப்பா விழுந்து நொறுங்கியது. அன்றிலிருந்து வெளியே பூட்டு. சாவி அவர் இடுப்பில். லாரி நிற்கும்வரை நான் உள்ளே அடைபட்டுக் கிடப்பேன்.

புன்னைக்காயல் திருவிழாவுக்குப் போன அன்று, ஆத்தூர் தாண்டியதும் வலி கண்டது. நாள் இருக்கிறதே என்று பொறுத்தேன். அடுத்த வலி இடுப்பை முறித்தது. முன்பக்கப் பலகையைக் கைவலிக்கத் தட்டினேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கம்பி வேறு. ஆசிட் நாற்றத்தில் மூச்சு முட்டியது. பூட்டின கதவுக்குப் பின்னால் நானும் பிள்ளையும் செத்துப்போவோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தொட்டில் கண்ணில் பட்டது. வயரைப் பேட்டரியில் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு மைக்கைப் பிடித்தேன்.

"ஏங்க, கதவத் தொறங்க. வலி கண்டுட்டு."

கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் அதை ஊருக்கே சொன்னது. ரோட்டோரம் கருவாடு காயப்போட்ட பெண்கள் ஓடிவந்து லாரியை மறித்தார்கள். அவர் இறங்கிவந்து பூட்டைத் திறந்தார். திறந்த கையோடு தொட்டிலைத் தடவிப் பார்த்தார்.

"வால்வு எதும் போச்சாளா?"

"தள்ளுங்க அண்ணாச்சி" என்று அவரை ஒதுக்கிவிட்டு ஒருத்தி என்னைத் தாங்கி இறக்கினாள்.

அவள் வீட்டிலேயே சாயங்காலம் பிள்ளை பிறந்தது. அவர் அந்தச் சேலையை அவிழ்த்து மடித்துக் கொண்டுவந்தார்.

"இத பிள்ளைக்குக் கட்டுவோம். செட்டுக்கு வேற பாத்துக்கிடலாம்."

எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் கையை நீட்டினேன்.

"சாவியத் தாங்க."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை என் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன்.