சுடாத அண்ணனும் சுட்ட தம்பியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே! அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லாமல் பேனா நகரவில்லை. அவர் மேல் எனக்கு வாழ்நாள் முழுக்கப் பொறாமை. அவர் போன பிறகும் அது போகவில்லை.

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் கரும்பு பயிரிட்ட குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் அப்பா, நைனா, படுக்கையில் விழுந்தபோது காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பள்ளிக்குப் போனார். பிறகு காவல்துறையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து நானும் சேர்ந்தேன். வீட்டுக்கு வருபவர்களிடம் நைனா சொல்வார்: “பெரியவன் போலீசு. இவனும் போலீசுதான்.” அந்த ‘இவனும்’ எனக்கு இன்றும் குத்துகிறது.

அண்ணன் சித்தூர் பக்கம் பணியில் இருந்தபோது, ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நெசவாளி தேவராஜ் புத்தி பேதலித்துக் கொடுவாளோடு நின்றார். வெளியே ஓரடி வைத்தால் சுடும்படி உத்தரவு. அண்ணன் அதிகாரியிடம் கொஞ்சம் நேரம் கேட்டார். பிறகு தறிக்காரரிடம், “மொதல்ல தறிய எல்லாம் நிறுத்துங்கப்பா. நான் பேசறது அவனுக்குக் கேக்கணும்” என்றார். சத்தம் அடங்கியது. கூட்டத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார்: “இன்னாபா தேவராஜு, காலைல எதனா துன்னியா?”

இரண்டு மணி நேரம் பேசினார். துப்பாக்கி தோளைவிட்டு இறங்கவே இல்லை. தேவராஜ் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். அண்ணனுக்குக் கிடைத்த பரிசு, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டு ஒரு மெமோ.

சில ஆண்டுகள் கழித்துத் திருப்பதியில் எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. பட்டப்பகலில் கடைவீதியில், குடியாத்தத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் கத்தியை வைத்துக்கொண்டு கூச்சலிட்டார். வண்டியை விட்டு இறங்கிய இரண்டாவது நிமிடம் சுட்டேன். அவர் அங்கேயே இறந்துபோனார். மூன்று முறை எச்சரித்தும் பாய்ந்தார் என்று அறிக்கை எழுதினார்கள். எழுதியவர்கள் என்னோடு வேலை பார்த்தவர்கள்தான். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

அண்ணன் வயிறு எரிய வேண்டும் என்றே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். அவர் அதைத் தொடவில்லை.

“எத்தினி வாட்டி கத்தின?”

“ஒரு வாட்டி.”

“தெலுங்குலயா?”

“ஆமா.”

“அவன் தமிழ்க்காரன்டா.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “நீ அங்க இருந்தா தெரிஞ்சிருக்கும்! அவன் எம்மேல பாஞ்சிருப்பான்!”

“பாஞ்சிருக்கலாம். ஒனக்குப் பின்னாடி போறதுக்கு எடம் இருந்துச்சா, இல்லியா? அத்தச் சொல்லு.”

இருந்தது. தெருவே காலியாக இருந்தது. நான் சான்றிதழை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஓய்வு பெறும்வரை அண்ணன் மேலதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். “சுடறதுக்கு மாசக்கணக்குல பழக்கறாங்க, பேசறதுக்கு ஒரு நாளு பழக்கலியே” என்பார். விலகி நிற்கவும் பேசவும் பயிற்சி வேண்டும்; ஓர் உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் சுட வேண்டும்; சுட்டால் அதை வெளியாட்கள் விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. ‘சாமியார்’ என்று உடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

கடைசியில் நுரையீரல் கெட்டுத் திருப்பதி மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தார். தேவராஜ் தறியை விட்டுவிட்டு வந்து காலடியிலேயே இருந்தார். எச்சில் துடைத்தார், கஞ்சி புகட்டினார். அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. எனக்கு அப்படி வந்து உட்கார இந்த உலகத்தில் யார் இருக்கிறார்?

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், தேவராஜ் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் சுட்டதைப் பற்றிய அறிக்கை பொய் என்று சென்ற மாதம் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதையெல்லாம் மலரில் போடாதே என்று என் மனைவி கெஞ்சினாள். அவளும் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். என் குண்டில் இறந்தவரின் தாயார். மனுவைக் கொடுத்த மறுநாள் குடியாத்தம் போனேன். திருப்பதி போலீஸ் என்றதும் அந்த அம்மாள் சொன்னார்:

“வருஷா வருஷம் ஒன் ஜாடையிலயே ஒருத்தர் வருவாரே, ஒம்புள்ளைய நான்தாம்மா சுட்டுட்டேன்னு அழுவாரே, அவரு இன்னாபா ஆனாரு? இந்த வருஷம் வரலியே?”

அண்ணன்! அங்கேயும் எனக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். என் பழியைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

“அவரு செத்துட்டாரும்மா. அவரு யாரையும் சுட்டதில்ல. ஒன் புள்ளையச் சுட்டது நான்” என்றேன்.

அண்ணா, எல்லாவற்றிலும் நீங்களே முந்திக்கொண்டீர்கள். இதை மட்டும் உங்களுக்கு விட்டுத் தர மாட்டேன். இது என்னுடையது.