மாட்டுக்குப் போட்ட ஊசி

முதலில் வீங்கியது என் கணவரின் கால்தான். உப்பளத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கால் வீங்குவது புதிதா என்று விட்டுவிட்டோம். அழுத்தினால் குழி விழுந்து, மூட வெகுநேரம் பிடித்தபோதுதான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கிரியேட்டினின் (ரத்தத்தில் தேங்கும் ஒரு கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

டயாலிசிஸில் (இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது) கொஞ்ச காலம் ஓடியது. பிறகு என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவருக்கு வைத்தார்கள்.

உறுப்பு மாற்றியவரோடு வாழ்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வைத்த உறுப்பை உடம்பு தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அதனால் தடுப்பூசியும் அவர்களிடம் முழுதாக வேலை செய்யாது. கொரோனா சமயத்தில் டாக்டர் சொன்னார்: "இவருக்கு ஊசி போட்டா மட்டும் பத்தாதும்மா. கூட இருக்கிறவங்களும் போட்டுக்கணும்."

நான் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் கொழுந்தன் ஏழுமலையிடமும் சொன்னேன். அண்ணனைப் பார்க்காமல் அவனுக்கு ஒரு நாள் போகாது.

"நான் உப்புலயே கெடக்கிறவன் அண்ணி. உப்புல எந்தக் கிருமி நிக்கும்?"

"உனக்காகக் கேக்கலப்பா. உங்க அண்ணனுக்காக."

"அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லன்னா எனக்கு எதுக்கு ஊசி?"

உப்பளத்தில் பாதிப்பேர் இதையேதான் சொன்னார்கள். உப்பு கருவாட்டைக் காப்பாற்றுகிறதாம், அவர்களையும் காப்பாற்றுமாம்.

அந்த வாரமே பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து கால்நடை டாக்டர் வந்து கோமாரி (மாடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் நோய்) ஊசி போட்டார். முதல் ஆளாக மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் ஏழுமலை.

"மாடு நல்லாத்தானே இருக்குது?" என்றேன்.

"என்ன அண்ணி, இப்படிக் கேக்குறீங்க? நம்மள்து ஒண்ணு போடாம வுட்டா அக்கம்பக்கத்து மாட்டுக்கெல்லாம் தொத்திக்கும். பாவம் இல்லியா?"

அவன் முகத்தில் சின்ன உறுத்தல்கூட இல்லை.

பிறகு ஒரு நாள் இருமிக்கொண்டே வந்தான். வெளியிலேயே நில் என்றேன். "சும்மா சளி அண்ணி" என்று உள்ளே வந்து, அண்ணன் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்றான். சில நாளில் என் கணவருக்கு ஜுரம் வந்தது. கொரோனா என்றார்கள். அவனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அவர் பிழைத்தார். சிறுநீரகம் பிழைக்கவில்லை.

ஏழுமலை அழுதான். நிஜமாகவே அழுதான். அடுத்த மாதம் வந்து, சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்ட இடத்தைக் காட்டினான். "பொண்ணு பிரசவத்துக்கு வருது அண்ணி. கொழந்தைக்கு எதுனா ஆயிடக் கூடாதுல்ல."

அவன் பாசம் பொய்யில்லை. அதுதான் எனக்கு அருவருப்பு. ஊரார் மாட்டுக்காக ஊசி உண்டு, பிறக்காத பேரப்பிள்ளைக்காக உண்டு, அண்ணனுக்காக மட்டும் இல்லாமல் போயிற்று. காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது எங்களுக்கு இரண்டே கிழமைதான். டயாலிசிஸ் இருக்கிற நாள், இல்லாத நாள். என் தழும்பைத் தொட்டால், என்னுடையது அவரிடம் வேலை செய்கிறது என்று முன்பெல்லாம் ஒரு பெருமை வரும். இப்போது அங்கே கை வைப்பதில்லை. செயலிழந்ததை வெளியே எடுக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் உயிரோடு சமைக்கிறேன், நடக்கிறேன். என்னில் செத்த பங்கு அவர் வயிற்றுக்குள் கிடக்கிறது.