மேலே வரும்போது வாயை மூடாதே

காதர் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து துப்பியபோது எச்சிலில் ரத்தம் இருந்தது. மலாக்கா ஆறு கடலில் கலக்கும் இடம், படகுத்துறைப் படிக்கட்டு ஓரம். இரண்டு ஆள் ஆழம்தான்.

மெர்டேக்கா வந்து, நாடு விடுதலையான புதிது. துறைமுக வேலைப் படகில் நான் இஞ்சின் ஆள், காதர் கயிற்று ஆள். கப்பல்களுக்கு வழிகாட்டக் கடலில் மிதக்கும் போயாக்களின் சங்கிலியை அடியில் இறங்கிப் பார்ப்பது அதுவரை ஒரு வெள்ளைக்கார டைவரின் வேலை. அவர் ஊருக்குக் கப்பல் ஏறியபோது, முதுகில் கட்டும் காற்று சிலிண்டர், வாயில் கவ்வும் குழாய், கண்ணாடி என்று முழு செட்டையும் ஆபீசிலேயே விட்டுப் போனார். போகும்வரை மலாயில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஜாங்ஙான் தாஹான் நாபாஸ்." மூச்சை அடக்காதே.

எங்களில் பெரிய நீச்சல்காரன் காதர். ஆற்றில் முங்கினால் கரையில் நிற்பவர்கள் பயப்படும்வரை எழமாட்டான். அதனால் செட்டை மாட்டி முதலில் இறங்கியவன் அவன்தான். மூச்சடக்கும் அந்தப் பழக்கமே அவனுக்கு வினையாயிற்று. மேலே வரும்போது வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டான். அழுத்தத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். நெஞ்சுக்குள் அடைத்து வைத்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். பிழைத்ததே பெரிது, இனி முங்கக் கூடாது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

"செட்டக் கட்டி சிங்கப்பூருக்கு அனுப்பிருவோம்டா. நம்ம ஆளுங்களுக்கு இது தோதுப்படாது" என்றார் எங்களை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர் செல்லையா.

அந்த 'நம்ம ஆளுங்க' என்னைக் குத்திவிட்டது. நாடு நம் கைக்கு வந்திருக்கிறது, ஒரு சங்கிலியை நாம் பார்க்க முடியாதா?

"நான் எறங்குறேன் மண்டோர்."

"நீயா? வாய் ஓயாத ஆளு. அடியில யாருகிட்ட பேசுவ?" சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரி, ஒரு போயா பாத்துட்டு வா. முடியலன்னா செட்டு கெளம்பிரும்."

காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் என் மனைவி சரோஜாவும் அதையேதான் கேட்டாள். "தூக்கத்துலகூட பேசுற மனுசன். தண்ணிக்குள்ள என்னங்க பண்ணுவீங்க?"

மிச்சம் பிடித்ததும் பிடிக்காததும்

முதலில் என் அரைகுறை நீச்சலைத் தேற்றிக்கொண்டேன். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தை மட்டும் நீரில் வைத்து மூச்சு விடப் பழகினேன். அது சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை எப்போதும் காதர் கையில் இருந்தது.

உடுப்புக்குப் பழைய காக்கிச் சட்டை. எடைக்கு மீன்வலை ஈயக்குண்டுகளைக் கித்தான் வாரில் கோத்து, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போட்டோம். காற்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. புக்கிட் பாருவில் டயர் கடை வைத்திருந்தவர், "சும்மாவே அடிச்சுத் தர்றேன்" என்றார்.

"அண்ணே, இவன் லாரி டயரு இல்ல" என்றான் காதர். டயர் கடைக் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். எங்கள் சிலிண்டர் சிங்கப்பூர் போய் நிரம்பி வந்தது.

போயா அடியில்

மலாக்காக் கடல் கலங்கல். நீட்டிய கை தெரியாது. சங்கிலியை வளையம் வளையமாகத் தடவிக்கொண்டே இறங்கினேன். அடி நெருங்கும் இடத்தில் ஒரு வளையம் என் சுண்டுவிரல் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

அப்போது மூச்சு இழுபடவில்லை.

காற்று தீர்ந்தால் சிலிண்டர் ஓரத்துக் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். மேலே வருமளவுக்குச் சேமிப்புக் காற்று கிடைக்கும். கையைக் கொண்டுபோனேன். கம்பி ஏற்கெனவே கீழே இருந்தது. இறங்கும்போது என் கயிறே மாட்டி இழுத்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே சேமிப்பும் காலி.

வாயை இறுக மூடிக்கொள்ளத்தான் உடம்பு சொன்னது. காதரின் ரத்த எச்சில் கண்முன் வந்தது. காலையில் அவன் சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தது: "மேல வரும்போது பேசிட்டே வா மச்சான். உனக்கு என்ன கஷ்டமா?"

கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்துவிட்டுப் பேசினேன். குழாயைக் கவ்வியபடியே, "சரோஜா, உலைய வை, வந்துட்டேன்" என்று உளறிக்கொண்டே, சங்கிலியில் கைமாற்றிக் கைமாற்றி நிதானமாக ஏறினேன். காற்று தீரும் தீரும் என்று பார்த்தால், நெஞ்சுக்குள் அது விரிந்துகொண்டே இருந்தது. பேச்சும் நிற்கவில்லை.

காதர் சட்டையைப் பிடித்துப் படகில் தூக்கிப் போட்டான்.

"உசுரோட இருக்கானாடா?" என்று கேட்டார் மண்டோர்.

"அடியிலேயே பேச ஆரம்பிச்சிட்டான் மண்டோர். இன்னும் முடிக்கல."

"சங்கிலி?"

"ஒரு வளையம் தேஞ்சு கெடக்கு மண்டோர். மாத்தலன்னா அறுந்துரும்" என்றேன்.

அவர் என் முதுகிலிருந்து சிலிண்டரை அவிழ்த்தார். "செட்ட நல்ல தண்ணியில கழுவி வைங்கடா. இங்கயே இருக்கட்டும்."

அதன் பிறகு அந்தத் துறையில் சங்கிலி பார்க்க வெளியூர் ஆள் வரவில்லை. நானும் காதரும் எத்தனையோ பேரைப் பழக்கினோம். இறங்குமுன் ஒருவர் கம்பியை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பது எங்கள் துறை வழக்கமானது. மேலே வரும்போது வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரச் சொல்வோம். புதிதாக முங்கப் போகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பேச்சை அடக்கு என்று எனக்குச் சொல்லாதவர்கள் இந்த ஊரில் இல்லை. கடல் ஒன்றுதான் அடக்காதே என்றது.