அப்பா மறுக்கவில்லை

என் அப்பா பத்மநாதன் ஜெர்மன் பேசும் ஓல்டன் நகரில் ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்தார். அம்மா போன பிறகு தனியாக இருந்தார். இந்த மாசியில், அம்புலன்ஸ் வந்து போன அதே நாளில், அம்புலன்ஸில் ஏறாமல் இறந்தார். வந்தவர்கள் அவரைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் சொல்: மறுத்தார். அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்பான சொல். அவர் எதையும் மறுத்ததில்லை. கிடங்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த ஆளின் வேலைமுறைக்கு அப்பா போவார். திரிம்பாக் கோயில் தேரன்று எல்லாரும் பட்டு உடுத்தி நிற்க, அவர் மஞ்சள் மேலங்கி போட்டு வெயிலில் கார்களுக்கு இடம் காட்டுவார். ஒரு வருடம், இந்த முறையாவது தேரைப் பாருங்கோ என்று நிர்வாகம் விட்டது. அன்றும் போய்க் கார்களுக்கு நடுவேதான் நின்றார்.

ஆனால் அவருக்கு ஒரு ‘நைன்’ இருந்தது. ஜெர்மன் மொழியில் ‘இல்லை’. கடையில் காசு வாங்கும் பெண், "பை வேண்டாமா?" என்று கேட்பாள். எங்கள் பேச்சில், வேண்டும் என்கிறவர் "இல்லை, தாங்கோ" என்பார். அப்பா மனதுக்குள் சொல்வது அதுதான். வாயில் வருவது முதல் சொல் மட்டும். அந்த மொழியில் அந்த இடத்தில் நைன் என்றால், சரி, வேண்டாம் என்று பொருள். அவள் அடுத்த ஆளைப் பார்ப்பாள். அப்பா தோடம்பழங்களை ஜாக்கெற் பைகளில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இந்த இடத்துக்கென்றே அவர்களிடம் ஒரு சொல் உண்டு. டொக். நீ இல்லை என்று நினைக்கிறாய், அது பிழை, உண்டு என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். அப்பாவுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தேன்.

"டொக்கோ? நான் என்ன கதவோ தட்டுறன்?" என்பார். பிறகு கடைக்குப் போய் நைன் என்பார்.

அம்புலன்ஸ் வந்த அன்று காலை, வேலைமுறை முடிந்து வந்தவருக்குத் தோள்களுக்கு நடுவே நோவு. நல்ல குளிரில் வியர்வை. கீழ்வீட்டுக் கஜலக்சுமி அன்ரி அவசர எண்ணுக்கு அடித்தார். அன்ரிக்கும் அப்பா அளவுதான் மொழி. இரண்டு பேர் வந்து இதயத்துடிப்பைப் பதிவெடுத்தார்கள். அதில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் அப்படி இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பது நல்லது என்று விளக்கினார்கள். ஜெர்மனில், வேகமாக. அப்பா தலையாட்டினார். ஏதோ கேட்டார்கள். நைன், நைன் என்றார். எழும்பிப் போய்ச் சப்பாத்தை எடுத்தார். அவர்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

அன்ரிக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. அப்பா கதவடிக் கதிரையில் இருந்தபடி சொன்னாராம்:

"கீழ வண்டியைத் திருப்பினம் போல. இப்ப வருவினம். நீ போ பிள்ளை, பிந்தப் போகுது."

அன்ரி போனார். அப்பா காத்திருந்தார். காத்திருக்கப் பழகிய மனிதர். அகதி மனுவுக்கு, விசாவுக்கு, அம்மா வருவதற்கு என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர். இன்னொரு தடவை அழைத்து யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். பின்னேரம் அன்ரி வந்தபோது அதே கதிரையில் இருந்தார். ஒரு காலில் சப்பாத்து. மற்றது மடியில்.

சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தீர்மானிக்கத் தகுதியுள்ள ஒருவர் மறுத்தால் கட்டாயப்படுத்தித் தூக்கிப் போக முடியாது. நல்ல சட்டம். ஆனால் மறுப்பவருக்கு எதை மறுக்கிறார் என்று விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதா என்று பார்ப்பது வந்தவர்களின் கடமை. நான் ரயில் சிக்னல் பொறியாளர். எங்கள் வேலையில் தெளிவில்லாத சிக்னல் சிவப்பு. ரயில் நிற்கும், யாரும் சாகமாட்டார்கள். அவர்களோ தெளிவில்லாத ஒரு பதிலைத் தங்களுக்கு வசதியான பக்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அழைக்கவில்லை. எந்த ஊரில் பிறந்தாய் என்று விசாரிக்க இந்த நாடு அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்தது. உயிரோடு இருக்க விருப்பமா என்று கேட்க வைக்கவில்லை.

அம்புலன்ஸ் அனுப்பிய மீட்புச் சேவையின் பொறுப்பாளரைப் பார்க்க அன்ரியையும் கூட்டிப் போனேன். அன்று வந்த இருவரில் ஒருத்தியும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பொறுப்பாளர் அனுதாபம் தெரிவித்தார். நோயாளி தெளிவாக இருந்தார், கேட்கப்பட்டது, இரண்டு முறை மறுத்தார், விதிப்படி எல்லாம் சரி என்றார்.

என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று அவளிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"நீங்கள் எங்களோடு வர விரும்பவில்லையா என்று கேட்டேன். தயங்குவது போல இருந்தது, அதனால் அப்படிக் கேட்டேன்."

அன்ரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அதுக்குத்தானே அண்ணை இல்லை எண்டவர்," என்றார் அன்ரி. "வரமாட்டன் எண்டால் ஏன் சப்பாத்துப் போடுறார்? கேளும் அவளை."

கேட்டேன். அப்பா சப்பாத்து எடுத்ததைக் கண்டாளாம். தங்களை வாசல் வரை வழியனுப்ப வருகிறார், மரியாதையான மனிதர் என்று நினைத்தாளாம்.

எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தோடு நடப்பதில்லை. போடுவது வெளியே போகத்தான். அவர்கள் இருவரும் சப்பாத்தோடுதான் உள்ளே வந்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அவசரம். ஆனால் கதவடியில் அடுக்கியிருந்த செருப்புகளைத் தாண்டித்தான் வந்தார்கள். ‘நைன்’ என்ற சொல்லைக் கேட்டவளுக்கு, குனிந்து சப்பாத்து எடுக்கும் ஒரு மனிதனின் பதில் கேட்கவில்லை. என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை. முயலவும் இல்லை.

அப்பாவுக்கு டொக் என்ற சொல் வராது, அவருடைய நைன் சம்மதம் என்று விளக்கினேன். அவளுடைய முகம் மாறியது. அவளுக்கு விளங்கிவிட்டது. பொறுப்பாளருக்கும் விளங்கியது, அதனால்தான் அவசரமாகப் பேசினார். இது துயரமான தவறான புரிதல், பயிற்சியில் சேர்த்துக்கொள்வோம், ஆனால் பதிவில் உள்ள சொல்லை மாற்ற இயலாது. பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, கை குலுக்கக் கையை நீட்டினார்.

"இதற்கு மேல் நீங்கள் முறைப்பாடு செய்யப் போவதில்லைதானே?"

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"டொக்," என்றேன்.

அவள் குனிந்துகொண்டாள். அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

படியிறங்கும்போது அன்ரி, "என்ன பிள்ளை சொன்னனீர்? ஓமெண்டோ, இல்லையெண்டோ?" என்று கேட்டார்.

"அப்பா சொன்னதைத்தான் அன்ரி," என்றேன். "அவையளுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னன்."